நெனவோட செய் புள்ள

நான் என்ன தொழில் செய்கிறேன் என்பது என் உம்மாவுக்குக் கடைசிவரை சரியாக விளங்கவில்லை. பாடசாலையில் படிப்பித்த காலத்தில் அவருக்குச் சிக்கல் இருக்கவில்லை. "மகள் டீச்சர்" என்றால் போதும். நான் உளவளத்துணைக்கு வந்த பிறகு அயலவர்கள் கேட்டால், "ஆக்கள்ட கவலயக் கேக்கிற வேல" என்பார். "அதுக்கும் சம்பளமா?" என்று ஒரு சாச்சி கேட்டபோது உம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேக்கிறதும் லேசான வேலயில்லதானே" என்று பதில் சொன்னாராம்.

வெளிநாடுகளில் என் போன்றவர்களை 'முழுமைசார் உளச்சிகிச்சையாளர்' என்று அழைக்கிறார்கள். மருதமுனையில் அப்படியொரு பலகை மாட்டினால் மூலிகை எண்ணெய் விற்கும் இடமென்று நினைத்துத்தான் சனம் வரும். ஆகவே என் வாசலில் பலகையே இல்லை. சொல்ல வருவது எளிய விடயம்தான். தூக்கமில்லை என்று ஒருவர் வந்தால், அவருடைய மனதை மட்டும் தனியே கழற்றி மேசையில் வைத்துப் பார்க்க முடியாது. என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு கடன், வீட்டில் யாரோடு கதைப்பதில்லை, நெஞ்சு எந்த நேரத்தில் படபடக்கிறது, தொழுகையில் நின்றால் என்ன ஆகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். சிலரை முதல் நாளே வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். தைரொயிட் குறைபாடு மனச்சோர்வின் முகத்தோடு வந்து கதிரையில் அமர்வதுண்டு. மாத்திரை தேவைப்படுகிறவருக்கு மாத்திரைதான் வேண்டும், என் பேச்சல்ல.

நான் ஒரு நெசவாளியின் மகள். வாப்பாவின் தறிச் சத்தத்தில்தான் எங்கள் வீடு விழித்தது, அது நின்றால்தான் பகல் முடிந்தது. நூல் அறுந்தால் சத்தம் நிற்கும். வாப்பா குனிந்து அறுந்த இரு முனைகளையும் தேடி முடிச்சிடுவார். பிறகு மறுபடியும் சத்தம். ஒரு நாளில் அது எத்தனை தரம் நடந்தாலும் அவர் நூலை ஏசியதை நான் கேட்டதில்லை. உம்மாவோ அடுப்படியில் சுடுபானையை இறக்கும் எங்களைப் பார்த்து, "நெனவோட செய் புள்ள" என்பார். 'கவனமாக' என்பதைவிட அதில் கூடுதலாக ஏதோ இருந்தது. கை ஓரிடத்திலும் மனம் ஓரிடத்திலும் இருக்கக்கூடாது என்பதுதான் அது. இந்தச் சொல்லைத் தேடித்தான் பின்னாளில் நான் எட்டுக் கிழமை கண்டிக்குப் போய் வந்தேன் என்பது நினைக்கச் சிரிப்பாக இருக்கிறது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். அந்தக் காலையைப் பற்றி நமது எழுத்தாளர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். இலங்கையில் 30,000க்கும் அதிகமானோர் போனார்கள். மாவட்டங்களில் அதிக உயிர்களைக் கொடுத்தது அம்பாறை. என் தங்கையும் அந்தக் கணக்கில் ஒருத்தி. வாப்பாவின் தறிக்கொட்டில் இருந்த இடத்தில் மணல் கிடந்தது. மூன்றாம் நாள் தங்கையை அடக்கிவிட்டு, ஏழாம் நாள் நான் முகாமுக்கு வேலை செய்யப் போனேன். எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். நானும் நம்பினேன்.

முகாம்களில் அப்போது இரண்டு நாள், மூன்று நாள் பயிற்சிகள் நிறைய நடந்தன. பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்தோம், பெண்களை வட்டமாக இருத்திக் கதைக்கச் செய்தோம். பிறகு டிப்ளோமா படித்தேன். மற்றவர்களின் துக்கத்துக்குள் நான் எவ்வளவு வேகமாக ஓடினேனோ அவ்வளவு வேகமாக என்னுடையதிலிருந்து விலகி ஓடியிருக்கிறேன். 2008இல் ஒரு இரவு நெஞ்சு அடைத்தது. ஈ.சி.ஜி.யில் ஒன்றும் இல்லை. மறுநாளும் அப்படியே. வைத்தியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க கடைசியா எப்ப அழுதீங்க?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

2011இல் கண்டியில் ஒரு எட்டு வாரப் பயிற்சி நடப்பதாக அறிந்தேன். வெள்ளி இரவு கல்முனையில் பஸ் ஏறினால் சனி விடியக் கண்டி. முதல் இரண்டு கிழமையும் காக்கா துணைக்கு வந்தார். மூன்றாம் கிழமை, "நீ போ, எனக்கு இடுப்பு நோகுது" என்று விட்டுவிட்டார். பயிற்றுவித்தவர் முன்னாள் தாதியான ஒரு ஐரோப்பியப் பெண். முதல் நாள் எங்கள் ஒவ்வொருவரின் உள்ளங்கையிலும் ஒரேயொரு உலர்ந்த திராட்சையை வைத்தார். பார், தொடு, முகர், நாக்கில் வை, உடனே கடிக்காதே என்றார். ஒரு திராட்சையைத் தின்னப் பத்து நிமிடம்! பஸ்ஸுக்குக் கொடுத்த காசு எனக்கு நினைவுக்கு வந்தது. பிறகு நோன்பு திறக்கும் வேளையும் நினைவுக்கு வந்தது. பாங்குக்காகக் காத்திருக்கையில் விரலிடையே இருக்கும் ஈச்சம்பழம் எவ்வளவு முழுமையாக ஒரு பழமாக இருக்கிறது! வருடத்தில் முப்பது நாள் அந்தக் கவனம் எங்களுக்குக் கிடைக்கிறது, முதல் பழத்தை விழுங்கியதும் அது போய்விடுகிறது.

இரண்டாம் கிழமை படுத்தபடி உடம்பைக் கால் விரலிலிருந்து மெல்ல மெல்லக் கவனித்து வரச் சொன்னார். தொண்டைக்கு வந்தபோது நான் அழத் தொடங்கினேன். ஆறரை வருடத்துக்குப் பிறகு. யாரும் என்னைத் தேற்றவில்லை. அதுதான் பெரிய உதவியாக இருந்தது.

இந்த முறைக்கு ஆங்கிலத்தில் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்று பெயர். 'மனநிறைவு' என்று சிலர் தமிழாக்குகிறார்கள். அது திருப்தி என்ற பொருளைத் தந்துவிடுகிறது. பாளி மொழியில் 'சதி'. நினைவு என்பதே அதன் வேர்ப்பொருள். 1860களில் இலங்கை சிவில் சேவைக்கு வந்து, இங்கே பாளி கற்ற ரைஸ் டேவிட்ஸ்தான் 1881இல் வெளியான தன் மொழிபெயர்ப்பில் அதற்கு இந்த ஆங்கிலச் சொல்லை வைத்தார். ஜேர்மன் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1936இல் இலங்கைக்கு வந்து துறவியான ஞானபோனிக தேரர் கண்டி உடவத்த காட்டில் வாழ்ந்தார். பௌத்த தியானம் பற்றி 1954இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல் மேற்கில் பலரின் கைக்குப் போனது. அதை வாசித்தவர்களுள் ஒருவர் ஜோன் கபாட்-ஸின், மூலக்கூற்று உயிரியலில் கலாநிதிப் பட்டம் பெற்ற அமெரிக்கர். 1979இல் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், மருந்தால் தீராத நாட்பட்ட வலியோடிருந்தவர்களைச் சேர்த்துப் பயிற்சியொன்றை ஆரம்பித்தார். மதச் சடங்குகளை அதிலிருந்து எடுத்துவிட்டார். பிறகு சீகல், வில்லியம்ஸ், ரீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் அதை மனச்சோர்வுக்கு எடுத்துச் சென்றார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான அவர்களுடைய ஆய்வில், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தடவை மனச்சோர்வுக்கு ஆளானவர்களில், வழமையான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 வீதமானோருக்கு அது ஓராண்டளவில் திரும்பி வந்தது. பயிற்சியும் பெற்றவர்களில் அது 37 வீதம். இரண்டு தடவை மட்டும் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்த நன்மை தெரியவில்லை. எல்லோருக்கும் எல்லாவற்றுக்கும் மருந்து என்று யாராவது விற்க வந்தால் இந்தக் கடைசி வசனத்தை அவருக்குச் சொல்லுங்கள்.

ஆக, கண்டிக் காட்டிலிருந்து புறப்பட்ட ஒன்று உலகைச் சுற்றி மறுபடி கண்டிக்கு வந்து, அங்கிருந்து இரவு பஸ்ஸில் என்னோடு மருதமுனைக்கு வந்தது. வந்த கையோடு கேள்வியும் வந்தது. "டீச்சர், இது பன்சலைல செய்றதுதானே?"

இந்தக் கேள்வியை நான் இளக்காரமாக எடுக்கவில்லை. என்னிடமும் அது இருந்தது. நீண்ட நாள் யோசித்து மணியோசை, கைக்கூப்பு, சப்பணமிட்டு இருத்தல் எல்லாவற்றையும் விட்டேன். கதிரையில் இருக்கலாம், நிற்கலாம், நடக்கலாம். இது வணக்கமல்ல, வணக்கத்துக்குப் பதிலுமல்ல, பிசியோதெரபியில் முழங்காலை மடக்கிப் பழகுவது போல ஒரு பழக்கம் என்று சொல்வேன். இமாம் கஸ்ஸாலி தொழுகைக்குக் கேட்ட 'ஹுளூருல் கல்ப்' என்ற உள்ளத்தின் பிரசன்னத்தை நினைவூட்டுவேன். அதே கஸ்ஸாலி 1095இல் பக்தாதில் பாடம் சொல்ல முடியாமல் நாவு கட்டுண்டு, சாப்பாடு இறங்காமல் போனதையும், வைத்தியர்கள் நோய் உள்ளத்தில் இருப்பதாகக் கைவிரித்ததையும் அவரே எழுதிவைத்திருப்பதைச் சொல்வேன். அவருக்கும் முன்னே, பத்தாம் நூற்றாண்டில் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கி உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். வீட்டில் மருந்து வைத்திருப்பது போல, நல்ல வேளையிலேயே நல்ல எண்ணங்களைச் சேர்த்துவை என்று அதில் ஆலோசனை சொன்னார். சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி அந்தப் பகுதியை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்ற பெருமையில் எனக்கு நாட்டமில்லை. இருந்தது என்றால், அழ முடியாமல் வந்த ஒரு பெண்ணை ஏன் பொறுமை, பொறுமை என்று சொல்லியே திருப்பி அனுப்பினோம்?

இனி, நான் எழுத வந்த விடயத்துக்கு வருகிறேன். அது என் பிழை.

2012இல் ஒரு ராத்தா வந்தார். அடையாளம் தெரியக்கூடிய விபரங்களை மாற்றியே எழுதுகிறேன். தண்ணீரில் அகப்பட்டு ஒரு மரத்தில் உயிர் தப்பியவர். மகனைத் தப்பவைக்க முடியவில்லை. எட்டு வருடமாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதில்லை, ஈரத்துணியால் துடைத்துக்கொள்வார். அன்று இதையெல்லாம் நான் கேட்கவில்லை. "தூக்கமில்ல, படபடப்பு" என்று மட்டும் சொன்னார். அது போதுமென்று நினைத்தேன். கண்டியிலிருந்து கொண்டு வந்த புதுச் சாமானைக் காட்டும் அவசரம் எனக்கு.

"கண்ண மூடுங்க ராத்தா. மூச்சு உள்ளுக்குப் போறதப் பாருங்க. வேறொண்டும் செய்ய வேணாம், பாத்துக்கொண்டே இருங்க."

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவருடைய கைகள் மேலே எழுந்தன. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பிறகு எழுந்து, கதிரையைத் தள்ளிக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பையும் விட்டுவிட்டு வெளியே ஓடினார். படலையைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் நான் போனபோது சொன்னார்:

"மூச்சப் பாக்கச் சொல்றீங்க. மூச்செடுத்தா தண்ணிதான் வருது, டீச்சர்."

நான் படிப்பிக்கப்பட்டதைக் கிளிப்பிள்ளையாய்ச் சொல்லியிருந்தேன். வலியோடு வந்தவருக்கு மூச்சு ஒரு நங்கூரம். மூச்சே அறுந்துபோக இருந்தவருக்கு அது அந்தக் காலைக்குத் திரும்பும் வாசல். பேரதிர்ச்சிக்கு உட்பட்ட உடம்பில் நெஞ்சின் துடிப்பும் தொண்டையின் இறுக்கமுமே ஞாபகமாகப் பதிந்திருக்கும். அங்கே கவனத்தைக் கொண்டுபோய் வைத்தால் ஞாபகம் எழும்பி வராமல் என்ன செய்யும்? இதை அறிந்தவர்கள் எழுதியவை இருந்தன. நான் அதற்குப் பிறகுதான் தேடி வாசித்தேன். கண்ணைத் திறந்தே வைத்திருக்கலாம். உள்ளே பார்க்க முடியாதவர் வெளியே பார்க்கலாம், ஒரு சத்தத்தைக் கேட்கலாம், பாதம் நிலத்தில் படுவதை உணரலாம். அரை நிமிடம் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'வேணாம்' என்று சொல்லும் உரிமை அவர் கையில் இருக்க வேண்டும். தண்ணீர் அவரிடம் கேட்டுவிட்டு வரவில்லை. நானாவது கேட்டிருக்க வேண்டும்.

செருப்பைக் கொடுக்கும் சாட்டில் மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். பதில் சொல்லாமல் பிளேன்டீ தந்தார். கொட்டிலுக்குள் ஒரு தறி நின்றது; நிவாரணத்தில் கிடைத்ததாம். பாவு ஏற்றியிருந்தது. "நெய்யுங்க ராத்தா, நான் சும்மா இருக்கன்" என்றேன். அன்று அவ்வளவுதான்.

அடுத்த கிழமைகளிலும் போனேன். ஒரு நாள் கேட்டேன்: "மிதிக்கக்குள்ள கால் எங்க படுது ராத்தா?" அவர் சிரித்தார். எட்டு வருடத்தில் அப்படியொரு மடத்தனமான கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் காலைப் பார்த்தார். "பெருவிரல்லயும் குதியிலயும்." பிறகு நாடா ஓடும் சத்தம். வலது கை, இடது கை. ஊடை நூலின் நிறம். நெய்யும்போது எப்போதாவது அந்தக் காலை வந்துவிடும், கை நின்றுவிடும். அப்போது நான், "நூல் அறுந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "முடிச்சிப் போட்டுத் திரும்ப நெய்வன்." "நூலுக்கு ஏசுவீங்களா?" "அதுக்கேன் ஏச?"

அதற்கு மேல் நான் ஒன்றும் விளக்கவில்லை. வாப்பாவின் தறி நின்று நின்று ஓடிய சத்தம்தான் எனக்குக் கேட்டது. மனம் அமைதியாக இருப்பதுதான் இந்தப் பயிற்சி என்று பலரும் நினைக்கிறார்கள். மனம் போகும், போனதை அறிந்து, ஏசாமல், திரும்பி வருவதுதான் பயிற்சி.

சில மாதங்களின் பின் ஒரு நாள், நாடாவைக் கையில் பிடித்தபடியே கேட்டார்: "டீச்சர், பைப்பில தண்ணி இருக்கக்குள்ள தயம்மும் செய்து தொழுறன். என்ட தொழுகை கூடுமா?" இந்த இரகசியத்தைத்தான் அவர் எட்டு வருடம் சுமந்திருந்தார். முகத்தில் தண்ணீர் பட்டால் மூச்சடைக்கிறது. வீட்டார் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று கதவைச் சாத்திக்கொண்டு மண்ணில் கை வைத்திருக்கிறார். அதற்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. அவருடைய சம்மதத்தோடு ஒரு மௌலவியிடம் கேட்டோம். அந்த மனிதர் கிதாபைத் திறக்கவில்லை. "பயமும் ஒரு நோய்தானே உம்மா. சுகமாகிற மட்டும் அப்பிடியே தொழுங்க" என்றார். என் பல மாத வேலையை அவருடைய ஒரு வசனம் செய்தது. முழுமைசார் சிகிச்சை என்றால் என்னவென்று யாரும் கேட்டால் இப்போது நான் இதைத்தான் உதாரணம் சொல்கிறேன்.

அந்த வருட நோன்புக்கு முன், விரல் நுனிகளை நனைத்தார். பிறகு மணிக்கட்டு வரை. கண்ணைத் திறந்தபடி, பாதம் நிலத்தில் இருப்பதை உணர்ந்தபடி, வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்ற உறுதியோடு. முகத்துக்கு வர இன்னும் ஏழு மாதம் எடுத்தது. மகனின் துக்கம் அப்படியே இருக்கிறது. அதைக் குறைக்க நான் முயலவில்லை; அது அவருடையது.

இந்த முறையின் எல்லையையும் சொல்ல வேண்டும். 2020இல் கொரோனாவில் மரணித்தோரின் ஜனாஸாக்களை எரிக்க வேண்டும் என்ற விதி வந்து, 2021 பெப்ரவரி இறுதியில்தான் நீங்கியது. அந்த நாட்களில் வாப்பாவின் உடலைச் சாம்பலாகப் பறிகொடுத்த ஒருவர் என் முன் இருந்தார். 'உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள்' என்று பயிற்சிப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த வசனத்தை அவரிடம் சொல்லியிருந்தால் அது அக்கிரமத்துக்குத் துணைபோனதாகியிருக்கும். தன் நெஞ்சில் கோபம் இருக்கிறது என்பதை மறைக்காமல் அறிவதுதான் அங்கே ஏற்றுக்கொள்ளல். விதி சரியென்று ஏற்பதல்ல. அவர் கோபத்தைக் கேட்டேன். பிறகு மனு எழுத உதவினேன். அதுவும் சிகிச்சைதான் என்று நினைக்கிறேன்.

உம்மா 2016இல் மௌத்தானார். கடைசி நாட்களில் மருந்துக் குளிசையை எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் என் கையைப் பார்த்து, "நெனவோட எடு புள்ள, காலத்துக் குளிசையும் ராத்திரிக் குளிசையும் ஒரே நெறம்" என்பார். எட்டுக் கிழமைப் பாடத்தை அவரிடம் நான் விளக்கியதில்லை. அவசியமும் இருக்கவில்லை.

போன பெருநாளைக்கு அந்த ராத்தாவிடம் காக்காவுக்கு ஒரு சாரன் வாங்கப் போனேன். மடித்துத் தரும்போது விரித்துக் காட்டினார்.

"இதில ரெண்டு எடத்தில முடிச்சிருக்கு டீச்சர். வெலயக் கொறச்சித்தான் எடுக்கணும்."

தடவிப் பார்த்தேன். ஒன்று விரலில் பட்டது. மற்றதை எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. முழு விலையைக் கொடுத்தேன். பிடிவாதமாக ஐம்பது ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு, பாங்கு சொல்லுது என்று பைப்படிக்குப் போனார்.